ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கேமரா

இன்ஸாஃப் வாசலில் தலையைக் காட்டியதுமே நாஷித் கண்ணாடி அலமாரியின் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்றால் அவள் வருவாள். அந்தச் சின்னக் கறுப்புக் கேமராவை எடுத்துத் தரச் சொல்வாள். கடை வாசலில் நின்று ஜூமை இழுத்து, தெருக்கோடி மாடியில் காயும் சட்டையின் பொத்தானைப் பார்ப்பாள். பிறகு விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். இஸ்மாயிலியாவில் கடைக்காரர்களை அழவைக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் வைத்தால், தலைவி பதவிக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

"உஸ்தாஸ் நாஷித், இது புதுசா, பழசா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"கஸ்ர் ஸீரோ, மேடம். பழசுன்னு சொல்லாதீங்க, அது மனசு கஷ்டப்படும். கம்பெனியே திரும்ப வாங்கி, பிரிச்சு, சரிபாத்து, பெட்டியில போட்டு அனுப்பினது."

கூட வந்திருந்த அக்கா ஹிக்மத் சும்மா இருப்பாளா? "கஸ்ர் ஸீரோன்னா என்ன அர்த்தம்? பூஜ்யத்தை உடைச்சதுன்னு. உடைஞ்ச பூஜ்யத்துக்கா இந்த விலை? முழுசா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நாஷித் சிரித்துவிட்டார். வியாபாரி என்றாலும் உள்ளதைச் சொல்லும் மனிதர். "நிஜத்தைச் சொல்லட்டுமா? ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு வாங்க. வெளிநாட்டுல புது மாடல் வந்துடுச்சு. அங்க எல்லாரும் கையில இருக்கிறதைத் திருப்பிக் கொடுப்பாங்க. துபாய்லேருந்து பெட்டி பெட்டியா வந்து இறங்கும். அப்ப இதோட விலையும் இறங்கும்."

"டாலர் ஏறிட்டா?" என்றாள் ஹிக்மத்.

"ஏறினா இறங்காது."

"அப்ப இறங்குமா, இறங்காதா?"

"மேடம், நான் கேமரா விக்கிறவன். குறி சொல்றவன் இல்ல."

இன்ஸாஃப் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றாள். பெருநாள் கழித்து வாங்கலாம்தான். ரகப்பின் கப்பலும் பெருநாள் கழித்துத்தான் கால்வாய்க்கு வரும். இரண்டுக்கும் நடுவே போதிய நாள் இருந்தது. குறைந்த விலைக்கு வாங்கவும் வாங்கலாம், ரகப்பைப் பார்க்கவும் பார்க்கலாம். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ரகப் அவள் கணவர். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஆண்டுக்குச் சில தடவை அவர்கள் ஊர் வழியாகவே கால்வாயில் போகும். நிற்காது. ஊரைக் கடந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் மேல்தளத்தில் நின்று கையை ஆட்டுவார், இன்ஸாஃப் ஆறாம் நம்பர் படகுத்துறையில் நின்று துப்பட்டியை ஆட்டுவாள். கட்டிடம் போன்ற கப்பலில் ரகப் ஒரு வெள்ளைப் புள்ளி. செல்போனில் இழுத்துப் பார்த்தால் புள்ளி பெரிதாகும், முகமாக ஆகாது. இருபது வருடக் குடித்தனத்தில் பாதி இப்படிப் புள்ளியோடுதான் கழிந்தது. அதற்காக அவள் கண்ணீர் விட்டதில்லை. புள்ளிக்குக் கையாட்டிவிட்டு, துறையில் ஒரு டீ குடித்துவிட்டு, திருப்தியாகவே வீட்டுக்குப் போவாள்.

இந்தத் தடவைதான் புள்ளி போதாது என்று ஆகிவிட்டது.

காரணம், ரகப்பின் குரல். தினமும் கப்பலிலிருந்து நீள நீளமாகக் குரல் செய்தி அனுப்புகிற மனிதர், திடீரென்று எழுத்தில் மட்டும் அனுப்ப ஆரம்பித்தார். இவள் வற்புறுத்தியதில் ஒருமுறை அழைத்தார். பேச்சு குழறியது. 'ச' வரவேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது. வீடியோவில் வாருங்கள் என்றால் நெட் இல்லை என்றார். அடுத்த தடவை போனின் கேமரா உடைந்துவிட்டது என்றார். இன்ஸாஃப் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வாய் கோணி, இப்படித்தான் குழறிக்கொண்டு வந்து சீட்டை நீட்டுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குப் பக்கவாதம் என்று பெயர். ஒப்பந்தம் முடியும்வரை சொல்லாமல் மறைத்து, கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவே ஒற்றைக் கையோடு சமைத்துக்கொண்டிருப்பார் அந்த மனிதர். செய்யக்கூடியவர்தான். அவருடைய வாயை அவள் ஒருமுறை பார்க்க வேண்டும். கோணியிருந்தால் கப்பல் கம்பெனியின் கதவைத் தட்டியாவது இறக்கிக் கொண்டுவந்துவிடுவாள். கோணவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவாள். அதற்குத்தான் இந்தக் கேமரா.

பைனாகுலர் வாங்கலாமே என்று யாராவது கேட்டால் அவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. கால்வாய்க் கரையில் பைனாகுலரோடு நின்றால், கப்பலைப் பார்ப்பதற்குள் சிப்பாய் நம்மைப் பார்த்துவிடுவான். இது கைப்பையில் தைலப்புட்டி மாதிரி அடங்கிவிடும்.

"பெருநாள் கழிச்சே வரேன்" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள் இன்ஸாஃப். "அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

"முன்பணம்?"

"என் முகத்தைப் பாத்துமா முன்பணம் கேக்குறீங்க?"

"உங்க முகத்தைப் பாத்துத்தான் கேக்குறேன்" என்றார் நாஷித். ஆனாலும் அலமாரியின் பின்வரிசைக்குக் கேமராவைத் தள்ளி வைத்தார்.

பெருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடியும்போது செய்தி வந்தது. 'நடுவுல ஒரு துறைமுகத்துல நிக்காமலே வந்துட்டோம். போர்ட் ஸயீத் வந்தாச்சு. இன்னிக்குக் காலையிலேயே உன் பக்கம் வரோம். வழக்கமான இடத்துல நில்லு.'

இன்ஸாஃப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அக்காவை எழுப்பப் போனாள். ஹிக்மத்திடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. அவள் அதை ஓட்டுவாள் என்பதைவிட, அது அவளை இழுத்துக்கொண்டு போகும் என்பதே சரி.

கடைத்தெருவுக்குப் போனபிறகுதான் அடுத்த இடி. நாஷித்தின் கடை இழுத்துப் பூட்டியிருந்தது.

"காலையிலதானே, இப்ப திறந்துடுவார்" என்றாள் இன்ஸாஃப்.

பக்கத்துக் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்கு ஞாயிறு, அம்மா. நாஷித் இன்னிக்குக் கடை திறந்து எப்ப பாத்தீங்க?"

இன்ஸாஃப் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு லீவு வெள்ளிக்கிழமை. ஊரே பூட்டிக் கிடக்கும் வெள்ளியன்று நாஷித் கடை மட்டும் திறந்திருக்கும். அது அவளுக்கு எவ்வளவு வசதி என்று எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறாள். வெள்ளியன்று திறக்கிறவர் ஏழு நாளும் திறக்கிறவர் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அவருக்கும் ஒரு நாள் வேண்டாமா என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

"சர்ச்சுல இருப்பார்" என்றாள் ஹிக்மத். "ஏறு வண்டியில."

சர்ச் வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், முக்காடு போட்ட இரண்டு பெண்கள் அவசர அவசரமாக வருவதைப் பார்த்து விறைப்பானார். "யாரைப் பாக்கணும்?"

"கேமரா வாங்கணும்" என்றாள் இன்ஸாஃப், பதற்றத்தில்.

"இங்கயா?"

ஹிக்மத் அவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்: கப்பல், கணவன், குழறல், வாய். போலீஸ்காரர் உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் சொல்ல, அந்த அம்மாள் நாஷித்தைக் கூப்பிட உள்ளே போனார். உள்ளே பாட்டு முடிவதாகத் தெரியவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கியது. தொழுகையில் இருப்பவரைப் பாதியில் எழுப்பக் கூடாது என்பது இன்ஸாஃபுக்கும் தெரியும். தெரிந்தும் காலை மாற்றி மாற்றி நின்றாள். வரிசையாக வரும் கப்பல்கள் இந்நேரம் பாதி வழியிலிருக்கும் கந்தராவைத் தாண்டியிருக்கும்.

நாஷித் ஒருவழியாக வெளியே வந்தார். கோட்டு போட்டிருந்தார். கையில் பூஜை முடிந்து தருகிற சிறிய வட்ட ரொட்டி. "பெருநாள் கழிச்சுன்னு சொன்னீங்களே, மேடம்?"

"கப்பல் முந்திக்கிச்சு உஸ்தாஸ். வழியில சொல்றேன், வாங்க."

அவர் ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வண்டியில் போகும்போதே மூவரும் தின்றார்கள். ஹிக்மத் ஓட்டிய ஓட்டத்தில், பூஜைக்குப் போய்வந்த மனிதர் மறுபடியும் பிரார்த்தனை செய்யத் தொடங்கிவிட்டார்.

கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய்க் கேமராவை எடுத்தார். போனவாரம்தான் சார்ஜ் போட்டு வைத்ததாகவும், இன்று முழுக்கத் தாங்கும் என்றும் சொன்னார். மெமரி கார்டு வேண்டுமா என்று கேட்டார்.

"வேணாம்."

"கார்டு இல்லாம படம் நிக்காதே."

"நான் படம் எடுக்க வாங்கல. பாக்க வாங்குறேன்."

நாஷித் எத்தனையோ வருடமாகக் கேமரா விற்கிறார். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. விலையைச் சொன்னார். இன்ஸாஃபின் வாய் பழக்கத்தில் தானாகவே திறந்தது. முகமும் சுளிக்கத் தயாரானது. பெருநாள்வரை பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் விலை இதுவல்ல. ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கடையைத் திறந்து, அன்றைக்கு இந்த ஒரே வியாபாரத்துக்காக நிற்கிற மனிதர். முதல் போணியை விடமாட்டார், கொஞ்சம் இழுத்தால் இறங்கிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். இழுக்கத்தான் நேரமில்லை. தவிர, அவர் கொடுத்த ரொட்டி இன்னும் நாக்கில் இருந்தது.

சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தாள். ஹிக்மத் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம், இருக்கட்டும், நம்ம கடைதானே" என்றார் நாஷித், கடைக்காரர்கள் பணத்தை வாங்கும் முன் சொல்கிற மரியாதைக்கு. வேறு எந்தக் கடையிலும் இந்த இடத்தில், "அப்படியா, சரி" என்று பொருளைப் பைக்குள் போட்டுக் கடைக்காரரைத் திணறடிக்கப் பார்ப்பாள். இன்று, "நீங்க நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓடினாள்.

ஆறாம் நம்பரில் வழக்கமான கூட்டம். படகுக்குக் காத்திருப்பவர்கள், பாய் விரித்து உட்கார்ந்த குடும்பங்கள், டீக்கடைக்காரர். முதல் இரண்டு கப்பல்கள் போய்விட்டிருந்தன. மூன்றாவதன் பெயரைப் படிப்பதற்குள் போன் அடித்தது. கால்வாய்க்குள் வந்துவிட்டால் நம்மூர் சிக்னல் கிடைக்கும்.

"எங்க நிக்கிற?" ரகப்தான். அதே குழறல்.

"இங்கதான். நீங்க எங்க?"

"பின்பக்கம், மேல. வெள்ளை ஏப்ரன்."

ஹிக்மத்திடம் போனைக் கொடுத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, இன்ஸாஃப் கேமராவைக் கண் முன்னே தூக்கினாள். முதலில் வானம் வந்தது. பிறகு ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு, கம்பி, ஏணி. வெள்ளையாக ஒன்று கடந்து போனது. திருப்பினாள். ஏப்ரன். அதற்கு மேல் கழுத்து. அதற்கு மேல் ரகப்.

கொஞ்சம் இளைத்திருந்தார். காது அதே காது. கண் இரண்டும் ஒரே அளவு. வாயைத்தான் காணோம். போனைப் பிடித்த கை வாயை மறைத்திருந்தது. மறைக்கத்தான் அப்படிப் பிடித்திருக்கிறாரோ என்று நினைத்ததும் ஜூமை இன்னும் இழுத்தாள். கப்பல் நகர்ந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் முதுகுதான் தெரியும்.

"அக்கா, அவரைச் சிரிக்க வை" என்று கிசுகிசுத்தாள். "எதையாவது சொல்லு!"

ஹிக்மத்துக்கு அதைவிட எளிதான வேலை உலகத்தில் இல்லை. "யோவ் ரகப்! நல்ல சேதி கேளு. உன் பொண்டாட்டி இன்னிக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் குடுத்து ஒரு பொருள் வாங்கினா."

"யாரு? இன்ஸாஃபா?"

"பேரமே பேசல."

"போ, பொய் சொல்லாத."

"நான் ரெண்டு கண்ணால பாத்தேன்யா. கடைக்காரருக்கு மயக்கம் வந்துடுச்சு."

ரகப் சிரித்தார். போன் பிடித்த கை கீழே போனது. தலையைப் பின்னால் சாய்த்து, கரையில் இருப்பவர்களுக்கு ஒரு புள்ளிதானே தெரியும் என்ற தைரியத்தில், வாயை முழுசாகத் திறந்து சிரித்தார். உதட்டின் இரண்டு ஓரமும் சமமாக மேலே போயின. கோணல் இல்லை, இழுப்பு இல்லை. நடுவில் மட்டும், முன்பற்கள் இருக்கவேண்டிய இடத்தில், கதவைக் கழற்றிய வாசல் மாதிரி ஓர் ஓட்டை.

இன்ஸாஃபுக்குக் கண்ணில் நீர் முட்டி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பல்! வெறும் பல்! இதற்காகவா வாரக்கணக்கில் தூக்கம் கெட்டது? இந்த வயதில் அழகு பார்க்கிறாராம், பெண்டாட்டியிடம் மறைக்கிறாராம். அடிக்கக் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா கையிலிருந்த போனை வாயருகே இழுத்தாள்.

"வாயை மூடுங்க. கால்வாய்க் காத்தெல்லாம் உள்ள போகுது."

ரகப்பின் கை பட்டென்று வாயைப் பொத்தியது. கேமராவில் அது துல்லியமாகத் தெரிந்தது.

"யார் சொன்னா உனக்கு?" போனில் குரல் பொத்திய கைக்குள்ளிருந்து வந்தது. "அந்த மாலுமிப் பயதானே?"

"யாரும் சொல்லல. எத்தனை பல்லு?"

"மூணு. அலையில வழுக்கி அடுப்பு மேடையில மோதிட்டேன். ஊருக்கு வந்து கட்டிக்கிட்டு அப்புறம் காட்டலாம்னு..." பிறகு, "நிஜமாவே உனக்குத் தெரியுதா?" என்றார்.

"ஏப்ரன்ல தக்காளிக் கறை இருக்கு. இடது பக்கம்."

ரகப் குனிந்து ஏப்ரனைப் பார்த்தார். நிமிர்ந்து கரையைப் பார்த்தார். அவருக்கு அங்கே அவள் தெரிந்திருக்க வழியில்லை. பாயும் குடையும் ஆளுமாக ஒரே கூட்டம். ஆனாலும் சரியாக அவள் நின்ற பக்கமே பார்த்தார். பிறகு வாயிலிருந்து கையை மெதுவாக எடுத்துவிட்டு, அவளுக்கென்று, பொக்கை தெரிய, கப்பல் வளைவில் திரும்புகிறவரை சிரித்துக்கொண்டே நின்றார்.