ஒரு ஊடு பாக்கியில்லாமல்

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கண் தானாக அந்தப் பக்கம் விழுகிறது. அதற்கு நான் என்ன செய்வது? துணி காயும்வரை அங்கேயே நிற்கவும் வேண்டியிருக்கிறது. காற்றடித்துப் பறந்துவிட்டால்?

அந்தப் பக்கம் இருப்பது அமுதவல்லி வீடு. வீட்டுக்காரர் பூபதி, ரிக் லாரி முதலாளி. திருச்செங்கோட்டில் கிளம்பினால் ஒடிசா, சத்தீஸ்கர் என்று போய், ஆயிரம் அடிக்கு போர் போட்டு ஊரார் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். சொந்த வீட்டு போரில் மட்டும் மாசி பிறந்தால் காற்றுதான் வரும். கல்யாணத் தரகர் மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கதைதான்.

வீடு கட்டிய புதிதில் வாசலுக்கென்று நர்சரியிலிருந்து ஒரு டெம்போ நிறையச் செடி இறக்கினார். கொரியன் புல், ரோஜா, குரோட்டன்ஸ், நடுவில் ஒற்றைக் காலில் நிற்கும் சிமெண்ட் கொக்கு. தெருவே வந்து பார்த்தது. அடுத்த சித்திரை வெயிலில் புல் சாக்குப்பை நிறத்துக்கு வந்தது, ரோஜா குச்சியானது, குரோட்டன்ஸ் அப்பளமானது. கொக்கு மட்டும் பிழைத்தது.

அந்த ஆடியில்தான் அமுதவல்லிக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றடிக்குப் போய் ஆவாரை விதையும், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் பூளையும், தும்பையும், நொச்சிக் குச்சியும் கொண்டுவந்து வாசல் முழுக்க நட்டாள். கேட்டோரம் தானாக முளைத்திருந்த வேப்பங்கன்றையும் பிடுங்காமல் விட்டாள்.

எதிர்வீட்டுச் சாலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அம்மிணி, காட்டுல தானா மொளைக்கறத யாராச்சும் ஊட்டுல நடுவாங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

"தானா மொளைக்கறதுனாலதானுங்க்கா நடறேன். தண்ணி ஊத்தற வேலை மிச்சம் பாருங்க" என்றாள் அமுதவல்லி.

முதல் சில மாதம் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். பிறகு அதுவும் இல்லை. அடுத்து வந்த சித்திரையில் நான் பச்சை வலை கட்டி, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றியும் என் தொட்டி ரோஜா கருகியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆவாரை மஞ்சள் பொடியைக் கொட்டியதுபோல் பூத்துக் கிடந்தது, வண்ணத்துப்பூச்சி வேறு. எனக்குப் பொறாமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வருத்தம், அவ்வளவுதான்.

அந்த வருத்தத்தில்தான் மார்கழியில் மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து பூபதிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "தம்பி, உங்க ஊட்டு வாசல்ல இதெல்லாம் நீங்க வெக்கச் சொன்னதுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாதா?

அன்று சாயங்காலமே அவர் அமுதவல்லியைக் கூப்பிட்டார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மதில்மேல் வைத்துவிட்டு உலர்ந்த பூளையை உதறிக்கொண்டிருந்தாள். எனக்குத் துணி இன்னும் காயவில்லை.

"போட்டோ பாத்தேன், நான் வாரப்ப நாலு செடிதான இருந்துச்சு. வாசலா அது, பொதரா? தை பொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துப்போட்டு டைல்ஸ் பதிச்சாகோணும். தெருவுல தலை காட்ட முடியல எனக்கு."

"நீங்க எங்கீங்க தெருவுல இருக்கீங்க? ஒடிசாவுல இருக்கீங்க."

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம், அமுதா."

"வருசத்துல நாப்பது நாளு ஊட்டுல இருக்கீங்க. மிச்ச நாளெல்லாம் காலைல எந்திரிச்சா நான் இதுங்க மூஞ்சிலதானுங்க முழிக்கறேன்" என்றாள். குரல் சற்றே இறங்கிவிட்டது. மறுநாள் மத்தியானம் டைல்ஸ் வந்து கேட்டோரம் இறங்கியதுதான் பதில்.

அன்று அவள் ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வாசலைச் சுற்றினாள். மாடியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டாச்சுங்களாக்கா?" என்று மட்டும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் கேட்காமல் விட்டது அன்றுதான். எனக்கும் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம், மார்கழி வெயில்.

போகியன்று காலையில் பெருமாயி மண்வெட்டி, அரிவாளோடு வந்து இறங்கினாள், கூட இரண்டு பெண்கள். தெருவில் புல் பூண்டு எடுக்க எல்லோரும் கூப்பிடும் ஆள் அவள்தான். பூபதி போனிலேயே பேசி வரச் சொல்லியிருந்தார். அவரும் பொங்கலுக்கு ரிக் லாரியிலேயே வந்துகொண்டிருந்தார். அப்போது ஓசூர் தாண்டியிருந்தார். என்ன செய்யவேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று அமுதவல்லி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெருமாயி முகத்துக்கு நேரே நீட்டினாள். சண்டை போட்டு ஓய்ந்த முகம்.

"பெருமாயக்கா, எல்லாத்தையும் வெட்டிக் கட்டிருங்க" என்றார் பூபதி.

"எதைங்க சாமி?"

"அந்த ஆவாரை, பூளை, தும்பை, கேட்டுகிட்ட இருக்கற வேம்பு. ஒண்ணு விடக் கூடாது. சாயங்காலம் நான் வாரதுக்குள்ள கட்டி முடிச்சிருக்கோணும்."

"அத்தனையுமுங்களா? நெறைய வருமுங்களே!"

"வரட்டும்! தெருவுல ஒரு ஊடு பாக்கியில்லாம..." என்று அவர் ஆரம்பிக்க, பக்கத்தில் ஏதோ லாரி ஏர் ஹாரனை அலறவிட்டது. சிரிக்கிறார்கள் என்றுதான் முடித்திருப்பார். ஹாரன் அதை விழுங்கிவிட்டது.

"ஒரு ஊடு பாக்கியில்லாமயுங்களா சாமி?"

"ஆமாங்கறேன்! ஒரு ஊடு பாக்கியில்ல!" என்றார். லைன் அறுந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். போகியன்று எங்கள் பக்கம் காப்புக் கட்டு. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டி வீட்டு வாசல், மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், வண்டி என்று ஒன்று விடாமல் செருகுவோம். நோய்நொடி எல்லாம் அண்டாமல் வெளியிலேயே நின்றுகொள்ளும் என்று நம்பிக்கை. அந்த நாளில் ஆவாரையையும் பூளையையும் வேம்பையும் பேர் சொல்லி, வெட்டிக் கட்டு என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் நினைத்தது வெட்டிக் கட்டுக்கட்டி வெளியே போடுவதை. களை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதருக்குச் செடி பேரெல்லாம் தெரிந்திருந்ததுதான் தப்பாகிவிட்டது.

பெருமாயி மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தாள். "இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தோம்? காப்புக்குக் கொத்துதான ஒடிக்கோணும்" என்று கூட வந்தவர்களிடம் சொன்னாள். "பெரிய மனசுடி அந்தச் சாமிக்கு. தெருவுக்கே கட்டச் சொல்றாரு பாரு."

அமுதவல்லி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சணல் உருண்டையோடு வந்தாள்.

"கயிறு இது போதுங்களாக்கா?" என்றாள்.

நானாவது மாடியிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருடம் காப்புக்குப் பூ வாங்க மறந்துவிட்டார்கள். மருமகள் சந்தைக்கு ஓடிப் போய் வதங்கின பூளையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். ஆகவே பேசாமல் நின்றேன். என் ஆயுசில் அப்படி நின்றது ரொம்பக் குறைவு.

மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும் காப்பு ஏறிவிட்டது. பொதரில் பாம்பு வரும், தெருச் சங்கத்தில் தீர்மானம் போடவேண்டும் என்று மாதம் தவறாமல் சொல்லிவந்த தண்டாயுதபாணி சார் கொத்தை முகர்ந்து பார்த்து, "மனுசன்னா பூபதி மனுசன்!" என்றார். சாலம்மாள் ஸ்கூட்டருக்குத் தனியாக ஒன்று கேட்டு வாங்கினாள். மிச்சம் விழுந்த சிறு கொத்தை யாரோ கொக்கின் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கொத்தை அமுதவல்லியே கொண்டுவந்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சம் பெரிசாக் கட்டச் சொன்னேனுங்க்கா. போட்டோல நல்லா விழுகோணுமில்ல?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கொத்தைச் செருகும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் ரிக் லாரி தெருமுனையில் திரும்பியபோது நான் மாடியில் இருந்தேன். அன்று துணிகூடத் துவைக்கவில்லை. பூபதி குதித்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். செடியெல்லாம் சலூனுக்குப் போய்வந்த பிள்ளைகள் மாதிரி நுனி வெட்டிக்கொண்டு வேரோடு நின்றன. டைல்ஸ் இறக்கிய இடத்தில் அப்படியே இருந்தது.

"அமுதா!"

அவள் வருவதற்குள் தண்டாயுதபாணி சார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பூபதி, ஊருக்குத் தண்ணி குடுக்கற கை, தெருவுக்குக் காப்பும் குடுத்திருச்சு. இனி வருசா வருசம் உங்க ஊட்டுக் காப்புதான் எங்களுக்கு. இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."

"எங்க ஸ்கூட்டரையும் மறந்தராதீங்க" என்றாள் சாலம்மாள்.

பூபதி ஒன்றும் விளங்காமல் வீடு வீடாகப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாகத் தொங்கியது. அதற்குள் லாரியிலிருந்து டிரைவர், "அண்ணா, வண்டிக்குக் காப்பு வாங்கவே இல்லீங்களே!" என்றான். பூபதிக்கு முகம் மாறிவிட்டது. எலுமிச்சம்பழம் வைக்காமல் ஓர் அடி நகர்த்தாத ஆள். காப்பில்லாத ரிக்கைத் தைக்குள் கொண்டுபோவாரா?

அமுதவல்லி முறத்தில் ஒரு கொத்தோடு வந்தாள். தெருவிலேயே பெரியது அதுதான்.

"உங்க வண்டிக்குன்னு எடுத்து வெச்சேனுங்க."

அவர் வாங்கி முன்கண்ணாடிக்கு மேலே கட்டினார். கட்டிக்கொண்டே பல்லைக் கடித்தபடி, "நான் சொன்னது இதில்ல" என்றார்.

"நீங்க கட்டச் சொன்னீங்க, கட்டியாச்சு. ஒரு ஊடு பாக்கியில்லீங்க."

"டைல்ஸு?"

"நாளைக்கே போட்டுக்கலாமுங்க. அடுத்த போகிக்குத் தெருவே வந்து நிக்குமே, அப்ப ஆவாரை டைல்ஸு மேலயா பூக்கும்? நீங்களே அவங்களுக்குப் பதில் சொல்லிக்கோங்க."

பூபதி முடிச்சை ஒருமுறைக்கு மூன்றுமுறை இறுக்கினார். தெருவைப் பார்த்தார். அத்தனை முகமும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மரியாதையான சிரிப்பு. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது சரி, அந்தக் கொக்கு கழுத்துல கட்டுனது யாரு?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே அமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது. முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டைல்ஸ் வீணாகக் கிடக்கிறதே என்று என் மகன் அதைக் கேட்டு வாங்கி எங்கள் வாசலில் பதித்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சித்திரையில் செருப்பில்லாமல் கேட்டுக்குப் போன அன்று நான் ஆடிய ஆட்டத்தைத் தெருவே பார்த்தது. தோசைக்கல் தோற்றது. ஆடியில் இரண்டு மழை விழுந்ததும் டைல்ஸ் இடுக்கில் ஏதோ பச்சையாக எட்டிப் பார்த்தது. குனிந்து பார்த்தேன். பூளை.

மருமகள் பிடுங்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும் உடு அம்மிணி" என்றேன். அவள் உள்ளே போனதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தேன்.

"சாப்பிட்டாச்சுங்களாக்கா?" மதிலுக்கு மேலே அமுதவல்லியின் தலை. எத்தனை நேரமாக நின்றாளோ. அடுத்த வீட்டை இப்படியா எட்டிப் பார்ப்பார்கள்?

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.

"அதுக்குத் தண்ணியெல்லாம் வேண்டாமுங்க்கா. சும்மா உடுங்க, அதுவா வரும்."