பன்னிரண்டாவது உருப்படி

பல் டாக்டரின் மனைவி அந்தக் காருக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, பச்சை நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். டாக்டரைவிட இரண்டு வயது மூத்தது.

நான்கு வருடங்களாக அதற்கு ஒரு வியாதி. பாதி வேகத்துக்கு மேல் போகாது. ஆக்சிலரேட்டரை முட்ட மிதித்தாலும், பதவி உயர்வு கிடைக்காத குமாஸ்தா மாதிரி எஞ்சின் முனகிக்கொண்டே வேலை செய்யும். வருடத்துக்கு ஒருமுறை பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மலையேறுவார்கள். நான்கு முறையும் டாக்டர்தான் கடைசி. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், மீன்தொட்டி போன்ற ஒரு வண்டியில், கையாட்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போவார். கையாட்டாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

வைத்தியம் பார்த்தது மச்சினன். மனைவியின் தம்பி, சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவன். ஞாயிறு தவறாமல் வருவான். இருவரும் சேர்ந்து மூன்று முறை கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். டாங்கியையே இறக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள்.

"வயசாயிடுச்சு மாமா. நமக்கே மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்பான் மச்சினன்.

போன வருடம் மலை உச்சியில் கடைசியாகப் போய் நின்றபோது டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னால உனக்கும் எவ்வளவு அலைச்சல் மாப்ளே" என்றார். மச்சினன் அந்த வருத்தத்தைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, கைக்குட்டையும் கொடுத்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவன் டாக்டரைக் கைவைக்க விட்டதில்லை. ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து கிளம்பி, எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய், கார்புரேட்டர்களின் வாயைத் திறந்து மூடும் கம்பிகளும் நெம்புகோல்களும். "அதை மட்டும் தொடாதீங்க மாமா, அளவு தப்பிடும்" என்பான்.

இந்த வருட மலையேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மிதி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. மச்சினன் ஏதோ மெஷின் பொருத்த வெளியூர் போயிருந்தான். நாமே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி அவனை அசத்திவிடுவோம் என்று டாக்டருக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை.

கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டார். பல் பிடுங்கும் குறடால் ஸ்பிரிங்கைப் பிடித்து விடுவித்தார். கம்பிகளின் குண்டுமுனைகளை அவை பொருந்தியிருந்த கிண்ணங்களிலிருந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கிளினிக்குக்கு இலவசமாக வந்த டூத்பிரஷ்களால் மண்ணெண்ணெயில் முக்கி முக்கித் தேய்த்தார். துருவும் மசியும் போய், கம்பிகள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று ஆயின. கம்பிகள் சுழலும் துளைகளில் தேய்ந்து நீள்வட்டமாகிப்போன புஷ் வளையங்களைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை அடித்து இறக்கினார்.

எல்லாவற்றையும் எஃகுத் தட்டில் வரிசையாக அடுக்கி, வண்டியின் புத்தகத்திலிருந்த படத்தோடு ஒப்பிட்டார். படத்தில் பதினோரு உருப்படி. தட்டில் பன்னிரண்டு.

திரும்ப எண்ணினார். தொழில் அனுபவத்தில், ஒன்று குறைந்தால் காரணம் உண்டு. ஒன்று கூடினால் அது வேறு யாருடையதோ.

கூடுதலாக இருந்தது, இரண்டு விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய். சுவரைத் தாண்டியதும் கம்பியின் மேல் மாட்டியிருந்தது. கம்பியை அதன் இடத்தில் செருகி, வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார். குழாய் இருந்தால் நெம்புகோல் பாதி வழியிலேயே அதில் இடித்து நின்றது. உருவிவிட்டால் கடைசி வரை போனது.

அழகான வேலை. இரு ஓரங்களும் விரலைக் கிழிக்காதபடி சாய்த்துச் சீவியிருந்தன. நடுவில் மயிரிழை போல ஒரு கோடு, எந்தப் பயனும் இல்லாமல், அழகுக்காக. தன் கிளினிக் கதவின் கைப்பிடியில் அந்தக் கோட்டை டாக்டர் தினமும் தொடுகிறார். அப்படிக் கோடு போடுகிறவன் ஒருத்தன்தான்.

சனிக்கிழமை காலை மச்சினன் ஷெட்டுக்குள் வந்தான். தட்டைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"இது என்ன மாப்ளே?"

"குழாய் மாமா."

"குழாய்னு எனக்கும் தெரியும்."

"அக்கா சத்தியம் வாங்கிட்டா மாமா. வண்டி வாங்கின முதல் நாள் அவளை உக்கார வச்சு பாலத்து வளைவுல திருப்புனீங்களே, அன்னிக்கு சாயங்காலமே பட்டறைக்கு வந்துட்டா. ஒண்ணு வேகத்தைக் குறை, இல்ல என்னை அம்மா வீட்டுல விடுன்னா. எனக்கு இது சுலபமா இருந்துச்சு."

"மூணு தடவை கார்புரேட்டரைப் பிரிச்சோமேடா. அப்பல்லாம் என்ன நினைச்சே?"

மச்சினன் நேர்மையாக யோசித்தான். "நல்லா சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"டாங்கியை இறக்கினப்ப?"

"அது நீங்க கேட்டதால."

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் செஞ்சேன்" என்றாள்.

"எல்லார்னா?"

"அப்பா, அண்ணி, உங்க கம்பவுண்டர்..."

"கம்பவுண்டருமா!"

"அவர் யார்கிட்டயும் சொல்லலையே" என்றாள், அதற்காகவாவது பாராட்டலாம் என்பதுபோல.

கோபத்தில் இருப்பவர்கள் கதவை அறைவார்கள். டாக்டர் குண்டுமுனைகளுக்குக் கிரீஸ் தடவினார். பதினோரு உருப்படிகளையும் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். ஒரு நட்டுக்காகக் குனிந்திருந்தபோது, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு ஞாபகத்துக்கு வந்தது. இதே இடத்தில் இருவரும் தோளோடு தோள் குனிந்து நின்றார்கள். 'பிடிபட மாட்டேங்குதே மாமா' என்று இவன் உதட்டைப் பிதுக்கினான். அந்த முகத்தில் ஒரு பொய்கூடத் தெரியவில்லை. கூட்டாளி என்றே நினைத்திருந்தார்.

சரிபார்க்க ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். மனைவியை உட்கார வைத்தார்.

"முழுசா மிதி."

"மிதிச்சிட்டேன்."

"இன்னும் இருக்கு."

"எவ்வளவு?"

"நாலு வருஷமா எடுத்து வச்சிருந்தியே, அவ்வளவு."

அவள் மிதித்தாள். கண்ணாடிக்குள் கார்புரேட்டர்களின் வாய் முழுதாகத் திறந்தது. விட்டதும் ஒட்டாமல் மூடியது.

டாக்டர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். லேசாக மிதித்ததற்கே ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. இத்தனை சத்தம் இதற்குள் இருந்ததா என்று அவருக்கே வாய் பிளந்தது. நாளைக்குப் போஸ்ட்மாஸ்டருக்கு யார் கையாட்டுவது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

மச்சினன் ஜன்னல் பக்கம் குனிந்தான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். "தைரியமா போங்க மாமா. பிரேக் எல்லாம் நான் பார்த்து வச்சிருக்கேன்."

டாக்டர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

பிரேக். ஸ்டியரிங். சக்கரத்து நட்டுகள். இந்த வண்டியில் அவன் கைபடாத இடம் எது?

இறங்கிப் போய் ஜாக்கியை எடுத்து வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தார்.

"மாமா, சத்தியமா பிரேக்குல ஒண்ணும் பண்ணலை."

"சரி."

"மலையேத்தம் நாளைக்கு மாமா. எல்லாத்தையும் பிரிச்சா எப்ப மாட்டுறது?"

"மாட்டுறப்ப மாட்டுறேன்."

"தனியா எப்படி? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேனே."

"நீ வெளிய உக்காரு. கூப்பிடுறேன்" என்றார் டாக்டர், நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில்.

மச்சினன் வாசலில் ஒரு காலி பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்தான். உள்ளே முதல் நட்டு கிரீச்சிட்டுக் கழன்றது. ஒவ்வொரு நட்டு கழலும்போதும் அவன் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் நான்கு சக்கரங்களும் சுவரில் சாய்ந்திருந்தன. டாக்டர் கூப்பிடவில்லை.