வாய்க்குள் திரும்பும் சாவி

மிரான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த நாரே, கூடத்தில் அப்பா பேஸ்பால் பார்க்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் கொஞ்சம் அடங்கிய இடமாகப் பார்த்து, "ஆ... வலிக்குது" என்று இழுத்து முனகினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே முனகினாள். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு தடவை, சினிமாவில் குத்துப்பட்டவன் மாதிரி முனகியதும் மிரானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளில் கிள்ளி, "போதும்டி, அப்பா எழுந்து வந்துடப் போறார்" என்று கிசுகிசுத்தாள். நாரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நாரேவுக்கு மேல்தாடை குறுகல். பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. கடித்தால் கீழ்ப்பற்கள் ஒரு பக்கமாக வெளியே போய் உட்கார்ந்தன. பல்லுக்குக் கம்பி கட்டுவதெல்லாம் அப்புறம்தான், முதலில் தாடையை அகலப்படுத்த வேண்டும் என்று டாக்டரம்மா மேலண்ணத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கருவியை ஒட்டிவிட்டாள். அதன் நடுவில் ஒரு சின்னத் திருகு. தினமும் வீட்டில் யாராவது ஒரு கம்பிச் சாவியை அந்தத் திருகின் துளைக்குள் விட்டு, தொண்டைப் பக்கமாக ஒரு தரம் தள்ள வேண்டும். சாவி நழுவிக் குழந்தை விழுங்கிவிடாமல் இருக்க அதில் ஒரு நூல் கட்டியிருந்தது. திருப்புகிறவர் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் நாரேயின் அப்பா மான்ஹோதான் முயன்றான். சியோலுக்குப் போய்வரும் பேருந்தை ஓட்டுகிறவன். அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய விரல்கள் மகளின் சின்ன வாய்க்குள் நுழைந்ததும் அவள் குமட்டி வாந்தி எடுத்துவிட்டாள். "நீயே பாரும்மா, என்னால ஆகாது" என்று சாவியை மிரானிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். மிரான் திருப்பினாள். மூக்கின் அடியிலிருந்து கண்ணுக்குப் பின்னால்வரை ஏதோ பிளக்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும். நாரே கைகாலை உதைத்து "அம்மா" என்று அலறினாள். அந்த அம்மா ஜேஜூ தீவில் இன்னொருவனோடு குடும்பம் நடத்துகிறவள், ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வருகிறவள். மிரான் மான்ஹோவின் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்தது போன இலையுதிர் காலத்தில்தான். மாப்பிள்ளை, பெண் கோலமெல்லாம் கிடையாது, அலுவலகத்தில் பதிந்ததோடு சரி. அவளுக்கென்று பிள்ளை இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. இந்தப் பெண் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை ஏதும் அவள் மனதில் இல்லை. அப்படிப்பட்டவள் கையில் போய் இந்தச் சாவி அகப்பட்டதே என்று அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் நாரே அவளாகவே வந்தாள். மிரான் கடற்பாசியில் சோறு சுருட்டி விற்கும் கிம்பாப் கடையில் வேலை முடித்து வந்து, அரிசிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, திருப்பின மாதிரி நடிக்கலாமா? நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரியாது" என்றாள். அதுவரை அந்தப் பெண் அவளைத் தொட்டதே இல்லை. யாருக்குத்தான் மனசு வரும் மாட்டேன் என்று சொல்ல? இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று மிரான் தலையாட்டினாள். அந்த ஒரு நாள் அப்படியே நீண்டுகொண்டு போயிற்று.

அதன்பின் வீடே மாறிப்போனது. சாப்பாடு முடிந்ததும் நாரே ஓடிவந்து மடியில் படுப்பாள். சோயா முளைப்பயறின் வால்கள் கருவியில் சிக்கிக்கொண்டு தொங்கும். மிரான் அதைப் பிரஷ்ஷால் எடுத்து, "உன் வாய்க்குள்ள தோட்டமே போடலாம்டி" என்பாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, எவளோ ஒருத்தி பிறந்தநாளுக்குக் கூப்பிடாதது, கருவியால் நாக்கு குழறி வகுப்பில் வாசிக்கும்போது பையன்கள் கேலி செய்வது என்று எல்லாம் அந்த மடியில்தான் கொட்டப்பட்டது. மான்ஹோ ஒரு நாள் இருவரையும் பார்த்துவிட்டு, பல்லுக்குச் செலவு பண்ணினதில் இப்படி ஒரு லாபமா என்று சொல்லிச் சிரித்தான். மிரான் அவன் முகத்தைப் பார்க்காமல் பிரஷ்ஷைக் கழுவ எழுந்து போனாள்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தாள். இந்நேரம் முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்திருக்க வேண்டும், விழவில்லை, திருகும் ஏறக்குறைய வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றாள். வீட்டில் யார் திருப்புவது என்று கேட்டாள் டாக்டரம்மா. "நான்தான்" என்றாள் மிரான். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மாதிரித் தாடையை எடுத்துக் காட்டினாள்.

"சாவியை வெளிய எடுக்கும்போது லேசா முன்னால இழுத்துடறீங்கன்னு நினைக்கிறேன். திருப்பினது மறுபடி பழைய இடத்துக்கே வந்துடும். நிறைய அம்மாங்க பண்ற தப்புதான், பயப்படாதீங்க."

நிறைய அம்மாங்க. மிரான் அந்தச் சொல்லையும் அதோடு வந்த சாக்கையும் சேர்த்தே வாங்கிக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது என்றாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நாரேயின் கை, மார்பில் போர்த்திய காகிதத் துண்டுக்கு அடியிலிருந்து மெல்ல நீண்டு வந்து அவள் சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தியது. டாக்டரம்மா மேலே சொல்லிக்கொண்டே போனாள். இந்த வயதில் எலும்பு பச்சையாக இருக்கிறது, சாவிக்கு வழிவிடும். நாள் போகப்போக நடுவில் ஒட்டிக் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் சாவி உதவாது, படுக்க வைத்து எலும்பை அறுத்துத்தான் விரிக்க வேண்டியிருக்கும். அதை அவள் மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னாள்.

வெளியே வந்ததும் ஹோத்தோக் அப்பம் சுடும் வண்டியைப் பார்த்து நாரே நின்றாள். மிரான் வாங்கிக் கொடுத்தாள். உள்ளே இருந்த வெல்லப்பாகு சுட, அவள் ஊதி ஊதிக் கடித்தாள். பிறகு மிரானின் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு, வாய் நிறைய மாவோடு சொன்னாள்.

"நீ செமையா நடிச்ச, ஆன்ட்டி. நான் மாட்டிக்குவோம்னே நினைச்சேன்."

நீ. மிரான் நடந்துகொண்டேதான் இருந்தாள், ஆனால் தெரு முழுக்க அந்த ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்தது. வந்த நாளிலிருந்து நாரேவுக்கு அவள் 'நீங்க'தான். கடைக்காரரிடம், பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் பேசுகிற அதே மரியாதை. 'நீ' எல்லாம் போனில் ஜேஜூவுக்குத்தான் போகும். அந்தப் பெண்ணே அதைக் கவனிக்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை நீ, நீ என்றே பேசிக்கொண்டு வந்தாள். நாளைக்கு நீ முட்டை சுருட்டிக் கொடு, நீ எனக்கு ஏன் ஜடை போட்டுவிட மாட்டேங்கற. இது போதுமே, இதைக் கெடுத்துக்கொள்ள எவளுக்குப் பைத்தியம் என்று மிரான் நினைத்தாள். பேருந்தில் நாரே அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மூக்கால் மூச்சுவிட முடியாமல் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். உள்ளே அந்த இரும்பு பளபளத்தது. இதே பெண் வளர்ந்து ஒரு நாள் ஆபரேஷன் படுக்கையில் கிடந்து, ஏன் இப்படி ஆயிற்று என்று யாரையாவது கேட்பாள். நான் இருப்பேன், என்னைத்தான் கேட்பாள் என்று தோன்றியதும் மிரானுக்கு உடம்பு சில்லிட்டது. தோளை அசைக்காமல் இறங்கும் இடம்வரை உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடும்போது, டாக்டர் என்ன சொன்னாங்க என்று மான்ஹோ கேட்டான். சாவியை எடுப்பதில் நான் தப்புப் பண்ணிவிட்டேன், இனிமேல் சரியாகப் பண்ண வேண்டும் என்றாள் மிரான். மேசைக்கு அடியில் நாரே அவள் காலை உதைத்துவிட்டு, சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மான்ஹோ, பரவாயில்லை, பழகிவிடும் என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போனான்.

அறைக்குள் நாரே முதல் ஆளாக வந்து படுத்துக்கொண்டாள். மிரான் நூலை மணிக்கட்டில் சுற்றினாள். கை வியர்த்திருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நாரே, இன்னைக்கு நிஜமாவே திருப்பப் போறேன்."

"சரி சரி, திருப்பு" என்று அவள் கண்ணடித்தாள். அதன்பின் மிரானின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நாம பேசி வைத்திருந்தோமே என்றாள். ஆமாம், பேசி வைத்திருந்தோம், நான் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது என்றாள் மிரான். எலும்பைப் பற்றி டாக்டரம்மா சொன்னதைத் தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னாள். நாரே எதையும் கேட்கவில்லை. கண்ணீர் மட்டும் மளமளவென்று வந்தது.

"எங்கம்மான்னா இப்படிப் பண்ண மாட்டா."

மிரானுக்குச் சுரீர் என்றது. அதை அவள் மறைக்கவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உங்கம்மான்னா ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டாங்கடி. நான்தான் விட்டுட்டேன்."

நாரே அவளையே பார்த்தாள். கூடத்தில் யாரோ அடித்த பந்துக்கு ஆரவாரம் எழுந்து அடங்கியது. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வந்தாள். மடியில் தலையை வைத்து, "சீக்கிரம் முடிங்க" என்றாள். வாயைத் திறந்தாள். கண்ணை மூடவில்லை.

மிரான் துளையைத் தேடிச் சாவியை விட்டாள். தொண்டைப் பக்கமாக, நிற்கிறவரைக்கும் தள்ளினாள். மடியில் அந்தச் சின்ன உடம்பு வில்லாக வளைந்தது. சத்தமே வரவில்லை. மிரான் சாவியை இம்மியும் முன்னால் இழுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே எடுத்தாள்.

இனி எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். நாரே எழுந்திருக்கவில்லை. புரண்டு படுத்து, மிரானின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எச்சிலும் கண்ணீரும் பாவாடையை நனைத்துச் சூடாகத் தொடையில் இறங்கின. அவள் தலையைத் தொடலாமா என்று மிரானுக்குத் தெரியவில்லை. நூலில் ஆடுகிற சாவியோடு கையை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.