அவர் கையும் நாயின் காலும்

வலிக்குக் கரண்ட் வைக்கிற அம்மாவின் மனசு அவள் கணவரின் வலது கையிலும் அவர்கள் வீட்டு நாயின் பின்னங்காலிலும் அசையத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று முழங்கால்வலிக்காரர்களும் தோள்பட்டைவலிக்காரர்களும், எழ முடியாத பசுவுக்கு அவளைக் கூட்டிப்போக வந்தவரும் முன்னறையை நிறைத்திருந்தார்கள். நேரம் மிச்சமாகட்டுமென்று, ஒரே இயந்திரத்தின் ஒரு ஜோடி ஒயரைப் பக்கவாதத்தில் விழுந்திருந்த கணவரின் முன்கையிலும், இன்னொரு ஜோடியை வண்டி மோதி இடுப்பு நொறுங்கிய நாயின் தொடையிலும் ஒட்டிக் குமிழைத் திருப்பினாள். கையும் காலும் சேர்ந்து உயர்ந்தன. இயந்திரத்தை நிறுத்திய பிறகும், வாசலில் யாரோ அவசரப்படுத்தியதில் அவளுக்கு எரிச்சல் வந்தபோது, மறுபடி சேர்ந்து உயர்ந்தன. பழுதுபார்ப்பவர் வந்து திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டுப் போனார்.

அதன்பிறகு எதையும் உள்ளுக்குள் போட்டு வைக்க அவளால் முடியவில்லை. கோபமென்றால் அவர் விரல்கள் மடங்கின, நாயின் கால் உதைத்தது. அவள் மனசு ஓரிடத்தில் நிற்கிற மனசில்லை என்பதால் கைக்கும் காலுக்கும் நாள் முழுக்க ஓய்வில்லை. நாத்தனார் வந்து, அண்ணனைத் தன் வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் நன்றாகத் தேறுவார் என்று நீட்டி முழக்கியபோது, கை மெல்ல எழுந்து வாசலைக் காட்டியது.

"ஏன் அண்ணி, அண்ணன் கை என்ன வெளியே காட்டுது?"

"பயிற்சி."

"நாயும் அதே பக்கம் காட்டுதே."

"அதுக்கும் பயிற்சிதான்."

அந்தக் கை நன்றாக இருந்த காலத்தில் அவளை அடித்திருக்கிறது. கணக்கு வைக்கும் அளவுக்கு அதிகமில்லை, மறக்கும் அளவுக்குக் குறைவுமில்லை. அதனால்தான் அவளுடைய நாற்காலி இன்னமும் அதற்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. ஊர் வலியையெல்லாம் தயங்காமல் இறக்கியவள், இந்தக் கைக்குக் குமிழைத் திருப்பும்போது மட்டும், இது குணமாக வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்ட நேரமெல்லாம் கை ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுங்கியது. ஒருநாள் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்குள்ள இவ்வளவு ஓடுதா?" என்றார்.

"எப்பவும் ஓடினதுதான். இப்பதான் உங்க கைக்குத் தெரியுது."

மழை பிடித்திருந்த ஒரு மதியம் ஒயர்களை ஒட்ட அவள் குனிந்தபோது கை எழுந்தது. இயந்திரம் அணைந்திருந்தது. பழக்கத்தில் நாயைப் பார்த்தாள். கால் அசையாமல் கிடந்தது. அப்படியென்றால் இது அவளுடையது இல்லை. அது புரிந்த பிறகுதான் பயம் வந்தது. அப்போதுதான் நாயின் காலும் உதறியது. கை அவள் கன்னத்தின் உயரத்துக்கு வந்து, விரல்களை விரித்தபடி நின்றது. அவள் பின்வாங்கவில்லை.

"இறக்குங்க."

கை கொஞ்சங்கொஞ்சமாக நாற்காலிப் பிடியில் இறங்கியது. "நானேதான் இறக்கினேன்," என்றார் அவர். வியர்த்திருந்தார். அவள் ஒயர்களை ஒட்டி, குமிழைத் திருப்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கை டம்ளர் பிடித்தது, சட்டைப் பொத்தான் போட்டது. அவளுடைய நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கை அவருடையதாகிவிட, அவள் மனசு இப்போது நாயின் காலில் மட்டும்தான் ஓடுகிறது. வலியோடு வருகிறவர்கள் முதலில் அந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். கணவரும், பேச வாயெடுக்கும் முன், ஒருதரம் அதைப் பார்த்துக்கொள்கிறார்.