தெருவில் பாதி, அரங்கில் பாதி

திரை விலகுவதற்கு முன்பு, அதன் நடுவிலுள்ள சிறு ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்து அரங்கைப் பார்ப்பது அக்காவின் வழக்கம். பார்த்துவிட்டு ஒப்பனை அறைக்குப் போவாள். கண்ணாடியருகே கிடக்கும் சீப்பை எடுத்து வேறிடத்தில் வைப்பாள். மறுபடியும் வந்து பார்ப்பாள். அதற்குள் நாற்காலிகளில் ஆள் முளைத்துவிடும் என்று அவள் நம்பவில்லை. ஆனாலும் கால் ஓரிடத்தில் நின்றால்தானே? வந்திருந்த சிலரும், ஏதோ பாகப்பிரிவினையில் மனம் கசந்துபோன உறவினர்களைப் போல, ஒருவரை விட்டு ஒருவர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா அந்த அரங்கின் மேலாளர். குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய கணவர்கூட நாலு பேர் நடுவில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு. அவளுடைய சொந்தத் தம்பி நாடகங்களை இயக்குபவன், கதாநாயகனும் அவனே. அவன் மனைவி கதாநாயகி. ஆக, குடும்பத்தின் சோறும் சண்டையும் அந்த ஒரே கூரையின் கீழ்தான் வெந்துகொண்டிருந்தன.

அந்தக் கூரைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கட்டட உரிமையாளர் கெட்டவர் அல்லர். காலியாகக் கிடக்கும் எதையும் பார்க்கப் பொறுக்காதவர், அவ்வளவுதான். மெத்தை வியாபாரி ஒருவர் அந்த இடத்தைக் கிடங்காக்கக் கேட்டிருந்தார்.

"இந்த நாடகப் பருவத்தோட கடைசி சனிக்கிழமை நானே வர்றேம்மா. பாதி நாற்காலி நிறைஞ்சிருந்தா இடம் உங்களுக்கு. இல்லேன்னா மெத்தைக்காரருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவருக்கே குடுத்துடலாம்" என்றார் அக்காவின் கணவர். "இப்பவும் நம்மகிட்ட தூங்கத்தானே வர்றாங்க. மெத்தை இருந்தா இன்னும் வசதி."

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே எதிரிலிருந்த சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைக்கு இந்தப் பக்கம் அரங்கு, அந்தப் பக்கம் சந்தை. மாலையானால் அங்கே ஊரே திரண்டு நிற்கும். அத்தனை பேரில் ஒருவர் தவறிப்போய்க்கூடச் சாலையைக் கடந்து வருவதில்லை.

"சந்தை வாசல்ல ஆடுவோம்" என்றாள். "டிக்கெட் வேண்டாம். சும்மா ஆடுவோம். ருசி பார்த்தவங்க உள்ள வருவாங்க."

தம்பிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. கதை சொல்லி வாதாடுவது அவன் பழக்கம். "ஒரு கிணறு இருந்துச்சாம்கா. யாருமே தண்ணி எடுக்க வரலையேன்னு அதுவே எழுந்து தெருத்தெருவா போச்சாம். எல்லாரும் வாசல்ல நின்னே மொண்டு குடிச்சாங்க. கிணறு சந்தோஷமா பழைய இடத்துக்குத் திரும்பி வந்து உக்காந்துச்சு. அப்புறம் ஒரு குடம்கூட வரல. ஏன்னு கேட்டா, 'அதுதான் நாளைக்குத் தெருவுக்கு வருமே'ன்னாங்களாம்."

"கிணறு எழுந்து போன குழியில யாரு விழுந்தா? அத சொல்லு மொதல்ல" என்றார் அக்காவின் கணவர், தம்பிக்கு அத்தான்.

"அந்தக் கிணத்துல தண்ணி இருக்குன்னு அதுக்கு முன்னாடி யாருக்குடா தெரியும்?" என்றாள் அக்கா. முனகிக்கொண்டே தம்பி ஒத்துக்கொண்டான்.

அப்போது அவர்கள் ஆடிக்கொண்டிருந்த நாடகம் ஒரு நகைச்சுவை. அலுவலகத்தில் பெயர் மாறிப்போய், உயிரோடிருக்கும் குமாஸ்தா ஒருவரை இறந்தவராக அறிவித்துவிடுகிறார்கள். எத்தனை மன்றாடியும் யாரும் திருத்துவதாயில்லை. கடைசியில் அவர் தம்முடைய இரங்கல் கூட்டத்துக்குத் தாமே போகிறார். பேய் என்று எண்ணிப் பிறர் மிரளும்படி, தம்பி அந்தக் கட்டத்தில் முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு வருவான்.

சந்தை வாசலில் முதல் வாரம் சிலர் நின்றார்கள். அடுத்த வாரம் கூட்டம் சாலைவரை வழிந்தது. அத்தானுக்குத்தான் வேலையில்லை. "சூரியனுக்கு நான் எங்கே ஸ்விட்ச் போடறது?" என்று முணுமுணுத்தபடி காய்கறிக் கூடைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். நாடகத்தில் குமாஸ்தா எதிரே வந்து நிற்கும்போது அவர் மனைவி வாயடைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். தெருவிலோ, பேருந்துகளின் ஒலிப்பானையும் மீறிக்கொண்டு, "ஆளு உயிரோடதாம்மா இருக்காரு! தொட்டுப் பாரு!" என்று கூட்டமே அவளுக்கு யோசனை சொன்னது.

ஆனால் அரங்கில் அதே மனிதர்கள்தான் அதே நாற்காலிகளில். தெருவில் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள், நாடகம் முடிந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினார்கள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள்.

"உக்காந்து சாப்பிடேன். தட்டுக்குத் தலை சுத்துது" என்றார் கணவர்.

நடையின் நடுவில்தான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. முழுச் சாப்பாட்டையும் தெருவிலேயே போட்டுவிட்டு, விருந்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? பாதியைத் தெருவில் ஆடுவது. குமாஸ்தா இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பும் இடத்தில் நிறுத்துவது. அவர் பின்னாலேயே கூட்டத்தை அரங்குக்குள் அழைத்து வந்துவிடுவது.

"ஊர்வலமா?" என்றான் தம்பி. கிணற்றுக் கதை சொன்னவன்தான். ஆனால் கண்கள் மின்னின. "என் படத்தை நானே கையில தூக்கிட்டு வரட்டுமா?"

கடைசி சனிக்கிழமை வந்தது. உரிமையாளருக்குத் தெருப்புழுதி ஆகாது என்று அக்காவே அவரை வரவேற்று முதல் வரிசையில் உட்கார வைத்தாள். வழக்கமாக வருபவர்களும் வழக்கமான நேரத்துக்கு வந்து அமர்ந்தார்கள். வெளியே தொலைவில் சிரிப்பலை எழுந்து எழுந்து அடங்கியது. அக்கா கதவுக்கும் திரைக்கும் நடுவே நடந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், காதில் வைத்துக்கூடக் கேட்டாள்.

அந்த அரங்கில் ஒரு கண்டிப்பு உண்டு. அக்கா வகுத்த கண்டிப்பு. முதல் மணிக்கு வாசலில் பேச்சை முடிக்க வேண்டும். இரண்டாம் மணிக்கு உட்கார வேண்டும். மூன்றாம் மணிக்குக் கதவு சாத்தப்படும். பிறகு யார் வந்து தட்டினாலும் திறப்பதில்லை. தாமதமாக வந்த ஓர் உயர் அதிகாரியை ஒருமுறை அப்படியே திருப்பி அனுப்பியதைக் குழுவில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நேரம் ஆயிற்று. அவள் மனம் சாலையில் இருந்தது. கையோ தன் பழக்கத்தில் இருந்தது. அந்தக் கை மூன்றாம் மணியை அடித்தது, கதவைச் சாத்தியது, தாழ்ப்பாளையும் போட்டது. மணியோசைக்குப் பழகிய அத்தானும் விளக்குகளை அணைத்தார். திரை விலகியது. மேடையில் இரங்கல் கூட்டத்துக்கான நாற்காலிகள் மட்டும் இருந்தன.

கதவு தட்டப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் 'உஷ்' என்றார்கள்.

அக்கா கதவிடுக்கில் வாயை வைத்து, பல நூறு முறை சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன குரலில், "ஆரம்பிச்சாச்சுங்க. அடுத்த காட்சிக்கு வாங்க" என்றாள்.

வெளியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா, செத்தவன் நான் வெளில நிக்கிறேன். யாரை வெச்சு ஆரம்பிச்சே?"

அக்கா பாய்ந்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். முகத்தில் வெள்ளையும் கையில் தன் படமுமாகத் தம்பி நின்றான். அவன் பின்னால் கூட்டம். ஆனால் அதன் வால்பகுதி அதற்குள் திரும்பிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"ஏங்க, வாங்க! கதவு தொறந்தாச்சு!" என்று அக்கா படியிறங்கி ஓடினாள்.

தோளில் கோணிப்பை சுமந்த ஒருவர் மட்டும் நின்று திரும்பினார். கோபமே இல்லாமல், "பரவால்லம்மா. எங்களுக்கு இல்லைன்னுதான் நெனச்சோம். எப்பவும் சாத்தித்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் வைதிருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சந்தை முடிந்து வருகிறவனுக்கு எந்த மணி கேட்கும்? சும்மா ஆடிய ஆட்டமெல்லாம் அவர்களைக் கதவுவரை கொண்டுவந்துவிட்டது. அதற்கு மேல் அவர்கள் வராததற்குக் காரணம் அவளுடைய கையிலேயே இருந்திருக்கிறது.

மிஞ்சியவர்கள் உள்ளே வந்தார்கள். இருட்டில் நாற்காலி தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அத்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு விளக்குகளைப் பாதி ஏற்றினார். மனைவி வாயடைத்து நிற்கும் இடம் வந்தபோது, பின்வரிசையிலிருந்து "உயிரோடதான்..." என்று தொடங்கிய ஒரு குரல், வழக்கமானவர்களின் 'உஷ்'ஷில் பாதியிலேயே நின்றது. தம்பி மனைவி அந்தக் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பி, "நிஜமாவா சொல்றீங்க?" என்று கேட்டாள். அரங்கு இடிந்துவிடும்போல் சிரித்தது. 'உஷ்' சொன்னவர்களும் சிரித்தார்கள்.

ஆனாலும் பாதி நாற்காலி நிறையவில்லை. நாடகம் முடிந்ததும் உரிமையாளர் அரங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பாதி ஆகலையேம்மா."

"ஆகலைங்க" என்றாள் அக்கா. அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. "நான்தான் கதவைச் சாத்தினேன்."

அவர் போகாமல் நின்றார். கைத்தடியின் பிடியைத் தேய்த்தார். "அது கிடக்கட்டும். அந்த ஆளை ஏன் செத்துட்டான்னாங்க? முன்கதையே எனக்குத் தெரியலையே."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நேரத்துக்கு வந்து உள்ளே உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அவர்கள் நாடகத்தின் பாதியைக் காட்டவே இல்லை! தெருவில் நிற்பவர்களைப் பிடிக்கிற அவசரத்தில் வீட்டில் இருந்தவர்களை மறந்துபோனார்கள்.

"பருவம் முடிஞ்சாலும் அடுத்த சனிக்கிழமை ஒருதடவை ஆடறோம், வாங்க. தெருவுல ஆடமாட்டோம். முழுசும் உள்ளதான். கதவைச் சாத்தவும் மாட்டோம்."

"மெத்தைக்காரர் அவசரப்படறாரேம்மா..." என்று இழுத்தவர், "சரி, அவன் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்காம எனக்கும் தூக்கம் வராது" என்று முடித்தார்.

அந்த வாரம் முழுவதும் தம்பி அவளோடு பேசவில்லை. "கதவு தொறந்திருந்தா பஸ் சத்தம் உள்ள வரும். கண்டவன் நடுவுல வருவான், நடுவுல போவான். இது நாடகமா, ரயில் நிலையமா?" என்று மனைவியிடம் சொல்வதுபோல் அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னான்.  அவன் சொன்னதில் பொய் இல்லை.

எப்போது வந்தாலும் உள்ளே விடுவோம் என்று சந்தை வாசலில் சொல்லிவைத்துவிட்டு, சனிக்கிழமை அவள் மூன்றாம் மணியை அடித்தாள். தாழ்ப்பாள் பக்கம் நீண்ட கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கதவு தாழிடப்படாமல் வெறுமனே சாய்ந்திருந்தது. உள்ளே பாதிக்கும் குறைவாகவே ஆட்கள். உரிமையாளர் கடைசி வரிசையில், கணக்கெடுக்க வசதியாக, உட்கார்ந்திருந்தார்.

நாடகம் தொடங்கிய பிறகுதான் முதல் ஆள் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடிபட்ட திருடனைப் போல. கதவு கிறீச்சிட்டது. பிறகு ஒரு கணவன் மனைவி. பிறகு காய்கறிப் பையுடன் இரண்டு பெண்கள். மேடையில் குமாஸ்தாவிடம் 'நீங்கள் இறந்துவிட்டீர்கள்' என்று அலுவலகம் தெரிவிக்கும் நேரம். ஒவ்வொரு கிறீச்சுக்கும் தம்பியின் தாடை இறுகுவதை அக்கா பார்த்தாள். நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவானோ? 

தம்பி வசனத்தை நிறுத்தினான். கதவருகே தயங்கிய அந்தப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினான்.

"வாங்கம்மா, வாங்க. இப்பதான் செத்தேன். முன்னாடி வந்து உக்காருங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு யார் வந்தாலும் கூட்டமே திரும்பி, "வாங்க, இப்பதான் செத்தாரு!" என்று வரவேற்றது. சிலர் எழுந்தும் போனார்கள். பேருந்துச் சத்தமும் வந்தது. உரிமையாளர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார், விட்டார், மறுபடி தொடங்கினார். ஒரு நாற்காலி காலியாவதும் வேறொன்று நிறைவதுமாக இருந்தது.

கடைசியில் அவர் எழுந்து அக்காவிடம் வந்து காதோடு சொன்னார்: "பாதியா, பாதிக்கு மேலயான்னு எண்ண முடியலம்மா, கணக்கு நிக்கவே மாட்டேங்குது. மெத்தைக்காரரை வேற இடம் பாக்கச் சொல்லிடறேன். அடுத்த பருவம் முழுக்க நீங்களே இருங்க. ஆனா அந்தக் கதவுக்கு எண்ணெய் போடுங்க, வசனமே காதுல விழல."

அக்காவுக்கு அழுகை வரும்போல் இருந்தது, அதற்கு நேரமில்லை. ஒப்பனை அறைக்கு ஓடினாள். கண்ணாடிமுன் இருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து கீல்களில் ஊற்றினாள். அடுத்து வந்தவர் ஓசையில்லாமல் நுழைந்தார்.

நாடகம் முடிந்து கூட்டம் கலையும்போது, வெள்ளை முகத்தோடு தம்பி தேடி வந்தான். அவன் அவளிடம் நேராகப் பேசியது அந்த வாரத்தில் அதுவே முதல் முறை.

"அக்கா, வேஷம் கலைக்கிற எண்ணெய் எங்கே?"

"கதவுக்குப் போட்டுட்டேன்டா."

"முழுசுமா? அப்ப நான் பொணமாவே பஸ் ஏறி வீட்டுக்குப் போறதா?"

"போடா. நாலு பேர் பார்த்துக் கேப்பாங்க. எங்கே நடக்குது, எப்ப நடக்குதுன்னு சொல்லிட்டே போ."

அவன் முறைத்துவிட்டு நடந்தான். பேருந்து நிறுத்தத்தில் தலைகள் அவன் பக்கம் திரும்புவதை அவள் வாசலிலிருந்து பார்த்தாள். யாரோ எதையோ கேட்க, அவன் கையை நீட்டி அரங்கைக் காட்டுவதும் தெரிந்தது. அடுத்த பருவம் தொடங்கும்போது அவர்கள் வருவார்களா? வந்தால் எத்தனை பேர்? உள்ளே அத்தான் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே, "வீட்டுக்குப் போகலாம் வா" என்று கூப்பிட்டார். அக்கா, கலைந்து கிடந்த நாற்காலிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்தாள்.