சிவப்புப் பொட்டு வைத்த ஆயில் சீல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. மாட்டுங்காவில் இருபது வருடமாகக் காபிப்பொடிக் கடை நடத்துகிறவன் நான். சிக்கரியே கலக்கவில்லை என்று சத்தியம் செய்த எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அதனால் என் பழைய ஜீப்பில் மூன்றாவது தடவையாக எண்ணெய் ஒழுகியபோது, மெக்கானிக் சைஃப்தான் ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினாலும் செம்பூரிலிருந்து கடைக்கு வந்து சேர வேண்டும் என்று வாங்கிய நாலு சக்கர டிரைவ் வண்டி அது. ஜூலை முதல் ஒழுகல். காலையில் வண்டிக்கு அடியில் போட்ட அட்டையை இழுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் இருக்கும். தாராவியில் வானமாமலையின் பட்டறையில் இரண்டு முறை கியர் பெட்டியின் ஆயில் சீலை, அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றினார்கள். மாற்றியது அங்கே வேலை பார்க்கும் சைஃப். மேலப்பாளையத்துக்காரன், நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். வாயே திறக்கமாட்டான். அப்படிப்பட்டவனை எப்படி நம்புவது?

புது சீலை வெளியே விற்றுவிட்டுப் பழையதையே மாட்டுகிறான் என்று வானமாமலைக்குப் போன் செய்து சொன்னேன்.

"சனிக்கிழமை வாங்க அண்ணாச்சி. ஒங்க முன்னாலயே கழட்டுதேன். பழசா இருந்தா சைஃப அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருதேன்" என்றார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டாவது சீலை வாங்கிக் கொடுத்தவன் நான். கொடுப்பதற்கு முன்னால் அதன் விளிம்பில் என் மனைவி உமாமகேஸ்வரியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஸ்டூலை வண்டிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். சைஃப் அடியில் படுத்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சீலை நெம்பி எடுத்தான். அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கித் துடைத்துப் பார்த்தேன். பொட்டு இருந்தது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"சீல் புதுசா இருந்தா மட்டும் போதுமா? கோணலா அடிச்சு மாட்டினாலும் ஒழுகும்ல" என்றேன்.

வானமாமலை வண்டிக்கு அடியில் குனிந்தார். கியர் பெட்டியின் மேலிருந்து கிளம்பும் மெல்லிய ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனார். இன்ஜினுக்குப் பின்னால் முடியும் அதன் நுனியில் பிளாஸ்டிக் கவர் ஒன்றைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது பிரீதர் குழா அண்ணாச்சி. பெட்டி சூடானா உள்ள இருக்க காத்து இது வழியாத்தான் வெளிய போவணும். அடைச்சிட்டா சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெ வரும். நான் மொதல்லயே பாத்திருக்கணும்." சைஃப் பக்கம் திரும்பினார். "வண்டிக்கடியில படுத்தவன் நீதானல? தொடர்ந்து வேல வரணும்னு கட்டுனியா?"

"இல்லண்ணே."

சைஃப் கவரை அவிழ்த்து, ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வானமாமலையிடம் கொடுத்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என் சந்தேகம் அவருக்கும் தொற்றிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கியர் பெட்டிக்குள் புகுந்துவிடும் என்று ஜூன் மாதம் போனில் ஒரு வீடியோ வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான்தான் கட்டினேன். கடையில் அரைக்கிலோ பொட்டலத்துக்குப் போடும் அதே இரட்டை முடிச்சு. அவிழ்க்க அடியோடு மறந்துபோனேன்.

வானமாமலை கவரைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "தமிழ்ல என்னமோ போட்டிருக்கு. நான் ஹிந்தி ஸ்கூல்ல படிச்சவன், எனக்கு வாசிக்க வராது. என்னன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

ஏதோ ஊறுகாய் கவர் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சைஃப் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பொய் சொன்னால் அவன் அன்றைக்கே வேலையில்லாமல் வீட்டுக்குப் போவான்.

"சங்கரநாராயணன் காபிப்பொடிக் கடை, மாட்டுங்கா" என்று வாசித்தேன். "நான்தான் கட்டினேன். மறந்துபோச்சு."

வானமாமலை டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சைஃப் குழாயின் நுனியில் வாயை வைத்து ஊதிப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் அண்ணாச்சி. அவுக்கும்போதே வாசிச்சிட்டேன். நீங்க வாசிக்கியளான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."