இரண்டு பேர் பிடித்த துண்டு

நாரிதா கோயில் தெருவில் எள் விழ இடமில்லை. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது விலாங்கு மீன் சாப்பிடாவிட்டால் ஃபுசாயேவுக்குப் புத்தாண்டே பிறந்ததாகாது. கடை வாசல் வரிசையில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் குனிந்து குனிந்து வாழ்த்துச் சொன்னாள். பக்கத்தில் மருமகள் மிஹோகோவும் குனிந்தாள்.

துக்க வீட்டார் அந்த வாழ்த்தைச் சொல்லக் கூடாது, வாங்கவும் கூடாது. மிஹோகோவின் அப்பா போன மாதம்தான் செத்துப்போயிருந்தார். அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குடித்துச் சீரழிந்து, குடும்பத்தை அம்போவென்று விட்டுப் போன மனிதர். கல்யாணத்துக்கே அவரை அழைக்கவில்லை. வேலை விஷயமாக வெளியூர் என்று புருஷன் கோஸ்கேயிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய் எரித்துவிட்டு வந்தாள். அத்தையின் பண்டிகையைக் கெடுப்பானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய்தான். அந்த ஆளுக்காக வருஷப் பிறப்பில் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார அவளுக்கு மனசில்லை. தீட்டுக் கையோடு வாசலில் சாமியை வரவேற்கும் புத்தாண்டுக் கயிறு கட்டியதும் அவளேதான்.

உள்ளே பாயில் கோஸ்கேயோடு மூவருக்கும் இடம் கிடைத்தது. ஆளுக்கொரு மரப்பெட்டியில் சோற்றின்மேல் மீன் பளபளத்தது. மிஹோகோவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"என்னம்மா கொறிக்கிற? எலும்பும் தோலுமா இருக்க. மாமியார் பட்டினி போடறான்னு ஊர் என்னைத்தான் பேசும். இந்தா!" ஃபுசாயே தன் பெட்டியிலிருந்து பெரிய துண்டைக் குச்சியால் எடுத்து நீட்டினாள்.

தட்டை நீட்ட வேண்டிய மிஹோகோ குச்சியை நீட்டினாள். நடுவழியிலேயே துண்டைப் பிடித்தாள்.

ஒரே துண்டை இரண்டு பேர் குச்சியால் பிடிப்பது சுடுகாட்டில் மட்டும்தான், சாம்பலிலிருந்து எலும்பு பொறுக்கும்போது. சாப்பாட்டில் செய்தால் சின்னக் குழந்தைக்குக்கூடக் கையில் அடி விழும். மிஹோகோவின் கை தானாகப் போயிற்று. கடைசியாக அந்தக் கை அப்படி வாங்கியது அப்பாவின் முழங்கால் எலும்பை. வேறு யாரும் வராததால் எதிரில் நின்று குச்சி பிடித்தவர் தகனசாலை ஊழியர்.

"அடச்சே, மிஹோ! நல்ல நாளும் அதுவுமா!" என்றான் கோஸ்கே.

ஃபுசாயே குச்சியை விடவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

"யாரு?" என்றாள் மெதுவாக.

"எங்கப்பா, அத்தை. போன மாசம்."

"என்கிட்டகூடச் சொல்லலையே!" கோஸ்கேயின் குரல் உயர்ந்தது.

"நீ சும்மா இரு." ஃபுசாயே துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குச்சியைக் கீழே வைத்தாள். "கயிறு கட்டினது நீதான?"

"நான்தான்."

"காலையில எனக்கு வாழ்த்துச் சொன்னியே."

"சொன்னேன்."

திட்டிவிட்டால் தேவலை போலிருந்தது. ஃபுசாயே பெட்டியை மூடிவைத்தாள். யாரும் அதற்குமேல் சாப்பிடவில்லை. மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கடைக்காரம்மா ஓடிவந்து குனிந்தாள். "புத்தாண்டு வாழ்த்துக்கள்மா! இந்த வருஷமும்..."

பதிலுக்குக் குனியவேண்டிய ஃபுசாயே நிமிர்ந்தே நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்ல," என்றாள். "சம்பந்தி தவறிட்டாரு."

ஒரு செருப்பை மாட்டியும் மாட்டாமலும் மிஹோகோ அப்படியே நின்றாள். அப்பாவை அந்த முறை சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் வழி கேட்டு நெருக்கினார்கள். அவள் நகரவில்லை.